எதை முதலில், எதை அடுத்து

1913 மார்ச் 14 அன்று நியூயார்க் நகரின் ஜெர்மன் மருத்துவமனையில், அறுவை மருத்துவர் பிரான்ஸ் டோரெக் 67 வயதுப் பெண் ஒருவரின் நெஞ்சைத் திறந்து, உணவுக்குழாயில் வளர்ந்திருந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்தார். நெஞ்சுப் பகுதியில் இந்த அறுவையை அதற்கு முன் முயன்றவர்களின் நோயாளிகள் பிழைக்கவில்லை. டோரெக்கின் நோயாளி பிழைத்தார். ஆனால் வாயையும் வயிற்றையும் இணைக்க உள்ளே வழி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. கழுத்துப் பக்கம் மிஞ்சிய உணவுக்குழாயின் முனையைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, வயிற்றில் போட்டிருந்த துளையோடு ஒரு ரப்பர் குழாயால் சேர்த்தார். சாப்பிட்ட உணவு உடலுக்கு வெளியே இருந்த அந்தக் குழாய் வழியாக வயிற்றுக்குப் போனது. அப்படியே அந்தப் பெண் பத்தாண்டுகளுக்கும் மேல் உயிர் வாழ்ந்தார்.

அந்த ஆண்டுகளில்தான் உலகச் சந்தையில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திக்கொண்டிருந்தது. மலாயாவின் பேராக் மாநிலத்தில் ரப்பர் மரம் வேரூன்றியது 1877இல், கோலாகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில். அதே மாநிலத்தின் சித்தியவானில் 1903இல் மெதடிஸ்ட் திருச்சபை ஃபூச்சோ சீனர்களைக் குடியேற்றியது. சில ஆண்டுகளிலேயே அவர்களும் சிறு நிலங்களில் ரப்பர் நட்டார்கள். பெரிய தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, கங்காணிகளின் பின்னால் வந்த தமிழர்கள். சித்தியவான், ஆயர் தாவார், புருவாஸ் வட்டாரத்தின் இன்றைய தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தத் தோட்டங்களின் லயன் வீடுகளிலிருந்து கிளைத்தவை.

அந்தக் குடும்பங்களுக்கும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் நெருக்கமான உறவு உண்டு. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு அறிக்கை வெளியிடத் தொடங்கியதிலிருந்து, இந்த நோயும் வாய்ப் புற்றுநோயும் இந்தியரிடையே அவர்களுடைய மக்கள்தொகைப் பங்குக்கு மீறிக் காணப்படுகின்றன. நோயின் மருத்துவ வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், நூறாண்டுகளாக மருத்துவர்கள் மோதிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒரே கேள்வியோடு என்பது தெரியும். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றில் எதை முதலில் கொடுப்பது, எதை அடுத்துக் கொடுப்பது? வரிசை மாறியபோது உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையும் மாறியது. தோட்டத்து மக்களுக்கோ அந்த வரிசை மருத்துவமனைக்குள் நுழைவதற்கு வெகு முன்னரே, லயன் வீட்டுச் சமையற்கட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

தோட்டத்து வைத்தியம் இந்த நோயை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டதல்ல. தொழிலாளர்களுக்கு மருத்துவமனை வசதி செய்து தரும் கடமையைக் காலனி அரசின் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகங்கள் மீது சுமத்தின. சிறு தோட்டங்கள் சேர்ந்து பொது மருத்துவமனை ஒன்றை நடத்தின. அன்றாடம் அங்கே இருந்தவர் டிரெஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்; மருத்துவர் எப்போதாவது வந்துபோவார். அவர்களின் போர் மலேரியாவோடும் கொக்கிப்புழுவோடும் வயிற்றுக்கடுப்போடும் நடந்தது. இளம் உடல்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எழுப்பி, மரத்தடிக்கு அனுப்பிவைப்பதே நிர்வாகத்தின் நோக்கம். புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியபின் வருவது. அந்த வயது வருமுன்பே பலர் இறந்தார்கள்; பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலில் தமிழகம் திரும்பினார்கள். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்கள் மலாயா போவதைத் தடை செய்தபின் தோட்டத்துச் சமூகம் நிலைத்துத் தங்கியது. தங்கியபின் முதுமை வந்தது, முதுமையோடு இந்த நோயும் வெளிச்சத்துக்கு வந்தது.

நோய்க்கான காரணங்கள் மட்டும் முதல் கப்பலோடே வந்துவிட்டன. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடக்கும் வேலையில் வாயில் அடக்கிய வெற்றிலை பசியையும் களைப்பையும் மறக்கச் செய்தது. திருமணமும் சாவும் அதில்லாமல் நடந்ததில்லை. அதன் ஆபத்தைத் தமிழ் பேசும் மண்ணிலிருந்தே மருத்துவர்கள் உலகுக்குச் சொன்னார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூரில் இருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையில் வாய்ப் புற்றுநோயாளிகள் குவிந்தார்கள். எவரெஸ்ட் ஏறச் சென்று திரும்பிய ஹோவர்ட் சாமர்வெல் அங்கேதான் பணியாற்றினார். திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப் புற்றுநோய் பற்றி ஐ. எம். ஓர் எழுதிய கட்டுரை 1933இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையையும், 2004இல் புகையிலை சேராத வெற்றிலையையும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று அறிவித்தது. வாயில் ஊறும் சாறு தொண்டையோடு நிற்பதில்லை. விழுங்கும் ஒவ்வொரு முறையும் உணவுக்குழாயின் உட்சுவரை நனைக்கிறது.

இரண்டாவது காரணம் குடி. தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. கூலி வாங்கிய கை பாதி வழியில் அங்கே நின்றது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்து ஈப்போவில் பேசியபோது சீர்திருத்தச் சங்கங்களின் பட்டியலில் குடியொழிப்பும் இருந்தது. 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டார்கள்; அந்த எழுச்சி காவல்துறையின் கைகளில் இரத்தத்தோடு முடிந்தது. கள் குறைந்த இடத்தில் சம்சு நுழைந்தது. சிறு போத்தலில், கொஞ்சக் காசில், மிகுந்த போதையோடு வந்த அந்தச் சாராயத்துக்கு எதிராகப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. குடும்பம் சிதைவதையும் கண் பார்வை போவதையும் சம்சுவோடு சேர்த்துப் பேசியவர்கள் பலர். உணவுக்குழாயைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மதுவும் புகையிலையும் ஒருவரிடம் சேரும்போது இந்த நோயின் ஆபத்து கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது.

நோய் தன்னைத் தாமதமாகவே காட்டிக்கொள்ளும். உணவுக்குழாய் விரிந்துகொடுக்கும் தசை. உள்வழி பாதிக்கு மேல் அடைபட்டபின்தான் தடை உணரப்படும். முதலில் இறைச்சித் துண்டு நெஞ்சில் நிற்கும். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். பிறகு சோறு நிற்கும். சோற்றைக் குழைத்துப் பிசைவார்கள், அடுத்து கஞ்சிக்கு மாறுவார்கள், ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுவார்கள். “நெஞ்ச அடைக்குது, வாயுவா இருக்கும்” என்று இஞ்சிச் சாறும் ஓமத்தண்ணீரும் குடிப்பார்கள். கஞ்சியும் நிற்கத் தொடங்கும் நாளில்தான் ஆஸ்பத்திரி நினைவு வரும். அதற்குள் உடம்பு பாதியாகிவிடும். அந்த மாதங்களில் கட்டி சுவரைத் தாண்டி நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கும்.

இப்படி வந்தவர்களுக்கு நெடுங்காலம் மருத்துவத்திடம் இருந்த ஒரே ஆயுதம் கத்தி. டோரெக்குக்குப் பின் இருபது ஆண்டுகள் அறுவை பெரிதாக முன்னேறவில்லை. 1930களில் ஜப்பானின் கியோட்டோவில் ஓசாவா, வயிற்றையே மேலே இழுத்து உணவுக்குழாயின் எஞ்சிய பகுதியோடு தைக்கும் முறையைச் செய்துகாட்டினார். 1938இல் சிகாகோவில் ஆடம்ஸும் ஃபெமிஸ்டரும் அதை ஒரே அமர்வில் முடித்தார்கள். 1940இல் பெய்ஜிங்கில் வூ யிங்காய் சீனாவின் முதல் வெற்றியைக் கண்டார். லண்டனில் ஐவர் லூயிஸ் வயிற்றை முதலில் திறந்து இரைப்பையைத் தயார்செய்து, பின் வலப்பக்க நெஞ்சைத் திறக்கும் முறையை 1946இல் வெளியிட்டார். இன்றும் அந்த அறுவை அவர் பெயராலேயே வழங்குகிறது. இனி உணவுக்கு வெளிக்குழாய் தேவையில்லை.

ஆனாலும் உயிர் மிஞ்சியது எத்தனை பேருக்கு? 1980இல் இங்கிலாந்தின் எர்லமும் குன்யா-மெலோவும் அதுவரை வெளிவந்த 122 ஆய்வறிக்கைகளைத் திரட்டி, 83,783 நோயாளிகளின் கணக்கை எடுத்தார்கள். அறுவைக்குப் போனவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 29 விழுக்காடு. ஐந்தாண்டு கடந்து உயிரோடிருப்பவர்கள் மொத்தத்தில் 4 விழுக்காடு. கதிர்வீச்சை மட்டும் பெற்றவர்களின் கணக்கில் அது 6 விழுக்காடு. கத்தியும் கதிரும் தனித்தனியே நின்றால் இவ்வளவுதான் முடியும் என்பதை அந்த எண்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்லின.

அறுக்க முடியாதவர்களுக்கு விழுங்கும் வழியையாவது திறந்துவைக்கக் குழாய்கள் வந்தன. 1924இல் லண்டனின் ஹென்றி சௌட்டர் உலோகக் கம்பியைச் சுருளாகச் சுற்றிச் செய்த குழாயைக் கட்டியின் நடுவே செருகினார். 1959இல் செலஸ்டின் தம் பெயரால் வழங்கும் குழாயை அறிமுகப்படுத்தினார். பின்னர் அது லேட்டக்ஸ் ரப்பரில் நைலான் சுருள் பதித்துச் செய்யப்பட்டது. ரப்பர் மரத்து மங்கில் சொட்டிய பால், கடைசிக் காலத்தில் மனிதர்கள் கஞ்சி குடிக்க உதவும் கருவியாகவும் ஆனது. 1990களில் தானே விரியும் உலோக வலைக் குழாய்கள் அதன் இடத்தைப் பிடித்தன. இவை எல்லாமே ஆறுதல் தந்தவை. ஆயுளைக் கூட்டியவை அல்ல.

வரிசை பற்றிய முதல் பெரிய முயற்சி ஜப்பானில் நடந்தது. கோமெய் நகயாமா அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார். கட்டி சுருங்கினால் கத்திக்கு வேலை எளிதாகும் என்பது எண்ணம். ஐரோப்பாவும் பின்தொடர்ந்தது. ஐந்து ஆய்வுகளின் 1,147 நோயாளிகளை ஒன்றுசேர்த்து 1998இல் ஆர்னட் குழு கணக்கிட்டபோது, அறுவைக்கு முன் கதிர்வீச்சை மட்டும் கொடுப்பதால் ஐந்தாண்டில் கிடைத்த நன்மை சுமார் 4 விழுக்காடுதான் என்று தெரிந்தது. அதையும் உறுதியான நன்மை என்று சொல்ல முடியவில்லை. கதிர் பட்ட இடத்தை மட்டுமே சுடும். இரத்தத்திலும் கணுக்களிலும் ஒளிந்த செல்களை அது தொடுவதில்லை.

மருந்தையும் கதிரையும் ஒன்றாகக் கொடுக்கும் துணிவு தமிழகத்தில் முன்னதாகவே பிறந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1950களின் பிற்பகுதியில் கனடாவின் கொடையாக வந்த கோபால்ட்-60 கருவி அங்கே நிறுவப்பட்டது. வெற்றிலைப் பழக்கத்தால் முற்றிய வாய்ப் புற்றோடு வந்த ஏழைகளுக்கு அவர்கள் ப்ளியோமைசின் மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்து, முடிவுகளை 1977இல் வெளியிட்டார்கள். சேர்த்துக் கொடுத்தபோது கட்டிகள் கதிருக்கு அதிகம் பணிந்தன. தோட்டத்துத் தமிழர்களை வருத்திய அதே பழக்கம், உட்பூச்சின் தட்டைச் செல்களில் எழும் அதே செதிள்செல் வகைப் புற்று.

உணவுக்குழாய்க்கு அந்தக் கூட்டுச் சிகிச்சையின் வலிமையை நிறுவியது அமெரிக்காவின் ஆர்டிஓஜி 85-01 ஆய்வு. ஒரு பிரிவுக்கு 64 கிரே கதிர்வீச்சு மட்டும். மற்றதற்குக் குறைவாக 50 கிரே, அதோடு சிஸ்பிளாட்டினும் ஃப்ளூரோயூராசிலும். இரு பிரிவுக்கும் அறுவை கிடையாது. ஐந்தாண்டு முடிவில் கதிரை மட்டும் பெற்றவர்களில் ஒருவரும் இல்லை. சேர்த்துப் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினர் உயிரோடிருந்தார்கள். கதிரின் அளவைக் குறைத்தும் பலன் கூடியது, மருந்து உடன் வந்ததால்.

அடுத்து எழுந்த கேள்வி, இந்தக் கூட்டை அறுவைக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்பது. மருந்தை மட்டும் அறுவைக்கு முன் கொடுத்த அமெரிக்க ஆய்வு 1998இல் பயனில்லை என்றது. 802 பேரைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வோ 2002இல் பயனுண்டு என்றது. தெளிவு ஜப்பானிலிருந்து வந்தது. அறுவைக்குப் பின் மருந்து கொடுத்தால் நோய் திரும்புவது தள்ளிப்போகிறது, ஆயுள் கூடுவதில்லை என்று ஜேசிஓஜி 9204 ஆய்வு 2003இல் காட்டியது. அடுத்த ஆய்வில் அவர்கள் அதே சிஸ்பிளாட்டினையும் ஃப்ளூரோயூராசிலையும் எடுத்து, 330 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவைக்கு முன்னும் மறு பாதிக்குப் பின்னும் கொடுத்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவின்படி ஐந்தாண்டு உயிர்வாழ்வு பின்னால் பெற்றவர்களில் 43 விழுக்காடு, முன்னால் பெற்றவர்களில் 55. பின்னால் பெற வேண்டியவர்களில் கணுக்கள் சுத்தமாக இருந்தவர்களுக்கு மருந்து தரப்படவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். நெஞ்சும் வயிறும் கிழிக்கப்பட்டுச் சோர்ந்த உடலால் மருந்தைத் தாங்குவது கடினம்; அறுவைக்கு முன்போ உடலில் வலு இருக்கிறது, கட்டியைச் சுற்றிய இரத்த ஓட்டமும் குலையாமல் இருக்கிறது.

அதே 2012இல் நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வு வந்தது. 366 நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஐந்து வாரம் கார்போபிளாட்டினும் பக்லிடாக்செலும், கூடவே 23 முறையாகப் பிரித்த 41.4 கிரே கதிர்வீச்சும் கொடுத்து, அதன் பிறகே அறுவை. மறு பாதிக்கு நேராக அறுவை. இடைநிலை ஆயுள் 24 மாதத்திலிருந்து 49 மாதமானது. செதிள்செல் புற்று உள்ளவர்களிடம் பலன் இன்னும் பெரிது. முன்சிகிச்சை பெற்று அறுவைக்கு வந்த அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் திசுவில் ஒரு புற்றுச் செல்லும் எஞ்சியிருக்கவில்லை. 451 பேரைக் கொண்ட சீன ஆய்வும் 2018இல் இந்த வரிசையையே உறுதிப்படுத்தியது.

இந்த 23 முறை என்பது சித்தியவானில் வேறு பொருள் பெறுகிறது. வாரத்தில் ஐந்து நாள், ஏறத்தாழ ஐந்து வாரம், ஒரு நாளும் விடாமல் கதிர்வீச்சு. பேராக் நோயாளிகள் நெடுங்காலம் கதிர்வீச்சுக்குக் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்கோ, 1970களில் கத்தோலிக்கக் கன்னியர் பினாங்கில் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனைக்கோ போக வேண்டியிருந்தது. கூலி நாளுக்கு நாள் எண்ணித் தரப்படும் வீட்டில், நோயாளியோடு ஒருவர் துணைக்குப் போனால் இரண்டு கூலி நின்றது. தங்க இடம், பேருந்துக் கட்டணம், விழுங்க முடியாதவருக்குக் கரைத்துக் கொடுக்கும் உணவு என்று செலவு நீண்டது. பாதியில் ஊர் திரும்பியவர்களைப் பலரும் “வைத்தியத்துக்கு ஒத்துழைக்காதவர்கள்” என்று எழுதி முடித்தார்கள். ஐந்து வாரத் தங்கலுக்கு வழி செய்யாமல் மேலான வரிசையை மட்டும் பரிந்துரைப்பது பாதி வைத்தியம். தோட்டங்கள் எண்ணெய்ப்பனைக்கு மாறி, லயன் வீடுகள் காலியாகி, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் போனபின் தோட்டத்து டிரெஸ்ஸரும் மறைந்துவிட்டார். முதல் அடைப்பைப் போய்ச் சொல்லக்கூடிய மனிதர் பக்கத்து வீட்டில் இல்லை.

வரிசை எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் அண்மை ஆண்டுகள் கற்றுத் தந்தன. மேலை நாடுகளில் இப்போது பெருகியிருப்பது உணவுக்குழாயின் கீழ்முனையில் வரும் சுரப்பிவகைப் புற்று. அதற்கு அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துகள் கொடுக்கும் முறை கிராஸ் முறையை வென்றது என்று ஜெர்மனியின் எசோபெக் ஆய்வு 2024இல் அறிவித்தது: இடைநிலை ஆயுள் 66 மாதம், எதிர்ப்பக்கம் 37. தமிழர்களிடமும் சீனரிடமும் ஜப்பானியரிடமும் மிகுதியாகக் காணப்படும் செதிள்செல் புற்றுக்கு அந்த முடிவு பொருந்தாது. அந்த வகைக்கென்றே ஜப்பான் 601 பேரிடம் நடத்திய ஆய்வில், அறுவைக்கு முன் மூன்று மருந்து பெற்றவர்களில் 72 விழுக்காட்டினர் மூன்றாண்டு கடந்தார்கள். இரண்டு மருந்து பெற்றவர்களில் 62.6, மருந்தோடு கதிரும் பெற்றவர்களில் 68.3. ஆகவே நோயாளியின் கையில் இருக்கும் திசு அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதிலிருந்துதான் வரிசை தொடங்க வேண்டும்.

முன்சிகிச்சைக்கும் அறுவைக்கும் பின்னால் இன்னொரு படி சேர்ந்திருக்கிறது. அறுத்தெடுத்த திசுவில் புற்று எஞ்சியிருந்தவர்களுக்கு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. நோய் திரும்பாத காலம் 11 மாதத்திலிருந்து 22 மாதமானது. மறுபுறம், முன்சிகிச்சையிலேயே கட்டி முழுதும் மறைந்தவர்களுக்கு அறுவையே வேண்டுமா என்று நெதர்லாந்தின் சானோ ஆய்வு கேட்டது. அடிக்கடி சோதித்துக் காத்திருந்தவர்களில் இரண்டாண்டு கடந்தவர்கள் 74 விழுக்காடு, உடனே அறுக்கப்பட்டவர்களில் 71. டோரெக் காலத்தில் வரிசையின் முதலும் முடிவுமாக இருந்த கத்தி, சிலருக்குக் கடைசிப் படிக்குத் தள்ளப்படுகிறது. ஆனால் காத்திருப்பது என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை உள்நோக்கிக் கருவியால் பார்த்து, திசு எடுத்து, படம் பிடிப்பது. வந்துபோகும் வழியில்லாதவருக்கு அது காத்திருப்பாகாது, கைவிடப்படுவதாகும்.

உலகில் 2022இல் மட்டும் சுமார் 5,11,000 பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 4,45,000 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கியிருப்பதற்கு முதன்மையான காரணம் நோயாளிகள் தாமதமாக வருவது. சுவரின் மேற்பூச்சிலேயே பிடிபட்ட கட்டியை ஜப்பானிய மருத்துவர்கள் வாய் வழியே செலுத்தும் கருவியால் உரித்தெடுத்துவிடுகிறார்கள். அங்கே எது முன், எது பின் என்ற கேள்விக்கே இடமில்லை.

இன்று மஞ்சோங் மாவட்டத்தில் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை இருக்கிறது. சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. புத்ராஜெயாவில் 2013 முதல் தேசியப் புற்றுநோய்க் கழகம். விழுங்கத் தடை என்று யார் வந்து சொன்னாலும், வயது எதுவாக இருந்தாலும், இரண்டு வாரத்துக்குள் உள்நோக்கிச் சோதனை செய்ய வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டு நெறி 2015இல் சொன்னது. வெற்றிலையும் சம்சுவும் பழகிய முன்னாள் தோட்டத்துத் தலைமுறை இன்று அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருக்கிறது. அவர்களில் ஒருவர் சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறினால், வீட்டில் இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எப்போதிலிருந்து என்பதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் என்று பதில் வந்தால், அடுத்த படி கிளினிக். அங்கே “ஸ்கோப் எடுக்கணும்” என்று வாய்விட்டுக் கேட்பது.